பதினைந்துக்குப் பதில் ஆறு

மார்ச் 4
புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன் இன்று இடுப்புக்கு மட்டும் ஸ்கேன். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, நல்லதாகப் போயிற்று. ‘உடலுக்குள் கருவி ஏதும் பொருத்தியிருக்கிறதா’ என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று டிக் அடித்தேன். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பதைச் சொன்னால் சிகிச்சையே தராமல் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கூட நடைப்பயிற்சிக்கு வரும் வக்கீல் சொன்னார். முப்பத்தோரு வருடம் கடைத் தராசுகளைச் சோதித்த அதிகாரி நான். பொய் எழுதக் கை கூசத்தான் செய்தது. ஆனால் பிழைக்க வேண்டுமே?

மார்ச் 7
கதிர்வீச்சுக்குக் கணக்குப் போடும் பெண்ணை எல்லாரும் ‘ஃபிசிக்ஸ் மேடம்’ என்கிறார்கள். திரையைக் காட்டி விளக்கினாள். “கதிரோட சக்தியில ஆறுன்னும் இருக்கு, பதினஞ்சுன்னும் இருக்கு. உங்களுக்கு இடுப்பு அகலம், பதினஞ்சு ஆழமாப் போகும்.” பதினைந்து. இங்கே குறித்து வைக்கிறேன். தொழில் புத்தி.

மார்ச் 11
மருமகள் மாடியில் யாரிடமோ போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். “அவருக்குத் தெரிய வேணாம்” என்றது காதில் விழுந்தது. நான் படியேறியதும் பேச்சு நின்றது.
“யாரும்மா?”
“ஃப்ரெண்டு மாமா.”
எந்த ஃப்ரெண்டு? என்ன தெரிய வேண்டாம்? மகன் கப்பலில் வேலை, வர ஆறு மாதம் ஆகும். அதுவரை என் ஃபைல், மாத்திரை, கார் சாவி எல்லாம் இவள் கையில்.

மார்ச் 12
நாளை ஆரம்பிக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஏன் என்றால், “பிளான் திரும்பப் போடுறோம்.” போட்ட பிளானுக்கு என்ன கேடு?

மார்ச் 17
ஆறு!
நர்ஸ் மேசையில் என் ஃபைல் திறந்து கிடந்தது. தலைகீழாகவே படித்துவிட்டேன். எத்தனை பில் புத்தகத்தை அப்படிப் படித்த கண்! பதினைந்தை அடித்துவிட்டு ஆறு என்று எழுதியிருக்கிறது. கிலோவுக்கு ஐம்பது கிராம் அடித்தவனைப் பிடித்திருக்கிறேன். பாதிக்கு மேல் அடிக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன். கிழவனுக்கு இது போதும் என்றா? மிஷின் பழுதாகி மூடி மறைக்கிறார்களா? மருமகளும் இதில் கூட்டா? விடமாட்டேன். நாளைக்குக் கேட்டே தீருவேன்.

மார்ச் 18
கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். ஃபிசிக்ஸ் மேடம் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.
“எதையும் குறைக்கலைங்க ஐயா. கட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு அப்படியேதான் இருக்கு. ஆறுல, சுத்திச் சுத்தி எல்லாப் பக்கத்துல இருந்தும் கொடுக்கிறோம். பதினஞ்சுல கொடுத்தா நியூட்ரான்னு ஒண்ணு கிளம்பும். அது உங்க பேஸ்மேக்கரைக் குழப்பிடலாம்.”
என் கை தானாக நெஞ்சைத் தொட்டது.
“யார்... யார் சொன்னது?”
“உங்க மருமக. ஃபைல்ல இருந்த படிவத்தைப் பார்த்துப் பயந்துபோய் போன் பண்ணாங்க. உங்களுக்குத் தலைகுனிவாயிடக் கூடாதுன்னு கெஞ்சினாங்க. நாங்களே இன்னைக்கு உங்ககிட்ட பேசறதா இருந்தோம். பேஸ்மேக்கர் இருந்தா சிகிச்சை இல்லைன்னு யாருங்க சொன்னது? வழி இருக்கு. சொன்னாத்தானே தெரியும்?”
எடையில் குறை வைத்தவன் நான்தான். வக்கீலை நம்பினேன், வீட்டில் இருப்பவளை நம்பவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 19
மருமகள்தான் கார் ஓட்டினாள். சிக்னலில் நின்றபோது அவளே கேட்டாள்: “கோபமா மாமா?”
“உன் மேல இல்லம்மா.”

மார்ச் 20
இதய டாக்டர் பேஸ்மேக்கரைச் சோதித்தார். நன்றாக ஓடுகிறதாம். இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மார்ச் 21
சிகிச்சையின் முதல் நாள். புதுப் படிவம் கொடுத்தார்கள். கருவி: ஆம். ‘அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்?’ என்ற இடத்தில் முன்பு மகன் பெயரைப் போட்டிருந்தேன். நடுக்கடலில் இருப்பவன் எப்படி வருவான்? இந்த முறை மருமகள் பெயரை எழுதினேன். போன் நம்பர் தெரியவில்லை. பதினோரு வருடம் ஒரே வீடு. வேண்டுமென்றால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பதுதான் வழக்கம்.
அவளிடமே கேட்டேன்.
“எதுக்கு மாமா?” என்று சந்தேகமாகப் பார்த்தாள். படிவத்தில் அவள் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன்.