உன் சேட்டின் இரண்டு பக்கங்கள்

மச்சான்,

உன் வெள்ளைச் சேட்டிலிருந்து அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. நாளை உன் மகளுக்குத் திருமணப் பதிவு. உன் இடத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போடும்படி என்னைக் கேட்டவள், நேற்று இதையும் கொண்டுவந்து தந்தாள். "அப்பாட சேட்டப் போட்டுக்கொண்டு வாங்க மாமா. பெரிசெண்டா வெட்டித் தைங்க, பரவால்ல."

போட்டுப் பார்த்தேன். உள்ளே இன்னொருவர் நிற்கலாம் போல இடமிருந்தது. தையற்காரரிடம் கொடுத்திருக்கலாம். ஆனால், எந்த இடத்தில் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று நானே கண்டுபிடிக்க ஆசைப்பட்டேன். பிழைத்தால் இதற்கு மாற்றில்லை என்ற பயமும் இருந்தது.

இன்று காலை சேட்டின் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, குண்டூசியை எடுத்தேன். என் மனைவி பார்த்துவிட்டாள். "இஞ்சேருங்க, திரும்பவும் அதே பிழையா? பெரியகல்லாத்துக்கு என்னைப் பாக்க வந்த கோலம் மறந்து போச்சா?"

களுவாஞ்சிக்குடியில் நாம் இருவரும் படிப்பித்துக்கொண்டு ஒரே அறையில் இருந்த காலம் அது. பெண் பார்க்கப் போக நான் வாங்கிய சேட்டு தொளதொளவென்று இருந்தது. நீதான் அதைத் திருப்பிப் போடவைத்து, உடம்போடு ஒட்டி ஊசி குத்தினாய். "ஆடாத மச்சான். மாப்பிள்ளைக்கு ரத்தம் வந்தாப் பொண்ணு தரமாட்டாங்க."

குத்திய கோட்டிலேயே தைத்து, நேராக்கிப் போட்டேன். இடப்பக்கம் தொங்கியது. வலப்பக்கம் மூச்சுவிட முடியவில்லை.

"உன்ட உடம்பு கோணல்" என்று சிரித்தாய். பிறகு நீயே யோசித்தாய். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் என் இடது விலா சற்று உள்வாங்கியிருப்பது உனக்குத் தெரியும். எழுதிய தாளொன்றைப் பின்புறமாக வெளிச்சத்தில் பிடித்தாய். இடது ஓரத்து எழுத்து வலது ஓரத்தில் தெரிந்தது. "பிழை விலாவில இல்ல மச்சான். நாம திருப்பினதில."

பிரித்துத் தைக்க நேரமில்லை. அப்படியே போனேன். "மாப்பிள்ளைக்கு மூச்சிழுக்கிற தொய்வு வருத்தமோ?" என்று மாமியார் மெல்லக் கேட்டாராம்.

அதற்குப்பின் ஒரு பிள்ளையின் கணக்குப் பிழைத்தால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாய் என்றுதான் முதலில் கேட்பேன்.

இம்முறை சேட்டை நேராகவே போட்டுக்கொண்டேன். மனைவி அக்குளிலிருந்து கீழ்நோக்கி ஊசி குத்தினாள். கழற்றி, ஊசிகள் நின்ற தடத்தை உட்புறத்தில் வெண்கட்டியால் கோடு கீறினேன். முதலில் கையால் நூலோட்டம் போட்டு, கையை உயர்த்தி, உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகுதான் மெசினில் தைத்தேன்.

உள்ளே இரு பக்கமும் நின்ற மிச்சத் துணியை வெட்டினால் பக்கம் இன்னும் அழகாக விழும். கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மாலையில் வந்த உன் மகள், நான் போட்டிருந்த சேட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "உள்ளுக்குத் தடிப்பாக் கிடக்கே. வெட்டல்லையா மாமா?"

"உடம்பு வச்சா அவிழ்க்கலாம் மகள்."

"இந்த வயசிலயா!" என்று சிரித்தாள். ஆனால் தையலைப் பிடித்த கையை அவள் உடனே எடுக்கவில்லை.

நாளை நான் கையெழுத்துப் போடும்போது, இடப்பக்கம் நாலு விரல், வலப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு நீ என்னோடு இருப்பாய்.