எத்திராஜின் முறிந்த கால்

அசாம் மலை விமானதளம், 1944

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சௌக்கியந்தானே? திருநின்றவூரில் மழை உண்டா?

இங்கே ஒரு சின்ன விபத்து. பயப்படாதே, எனக்கில்லை. சிறிய விமானத்தில் எங்கள் இருவரில் ஒரு மெக்கானிக்குக்குத்தான் இடமிருந்தது. நம்மூர் எத்திராஜை ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு வயிறெரிந்தது. மலைமுகட்டைத் தாண்டும்போது காற்று விமானத்தைக் கீழே அழுத்தித் தேயிலைத் தோட்டத்தில் தள்ளிவிட்டது. பைலட்டுக்குக் காயமில்லை, எத்திராஜுக்குக் கால் முறிந்தது.

"அண்ணாத்தே, லீவு குட்த்துட்டாங்க, ஊட்டுக்குப் போறேன்!" என்று கட்டுப் போட்ட காலோடு சிரிக்கிறான். அந்தக் காலைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான்.

இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு, நீ போட்டதாக இருக்கட்டும்.

எனக்கு முன்னால் அவன் உன் முகத்தைப் பார்க்கப்போகிறான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவன் வந்தால் அம்மாவைக் கதவைத் திறக்கச் சொல்.

அவனை ஏற்றிப்போகும் லாரி கிளம்புகிறது.

உன்
சம்பத்