கரும்பொட்டு வைத்த தொட்டில்

மழை பருவம் தவறாது பொழிக! கழனி சலியாது விளைக! வேங்கை நாட்டுக் குடிகள் பசியின்றி உண்டு, பகையின்றி உறங்கி எழுக!

ஏழு குன்றும் இரண்டு ஆறும் காவல் நிற்கும் வேங்கை நாட்டின் வேந்தர், பகைவரும் வாயிலில் வாள் வைத்து வணங்கும் பெருமையர், செருவிறல் வேங்கைக்கோமானின் திருவடி நிழலில் நின்று, அரண்மனைப் பண்டாரத்துக்கும் அடுக்களைக்கும் அந்தப்புரச் செலவுக்கும் பொறுப்பேற்ற அமைச்சன் அறவாழிப் பேரரையன், ஆற்றங்கரை ஓடைக்குடியின் ஊர்த்தலைவரும், வழக்கென்று வந்தவரை அமரச் சொல்லிப் பொறுமையோடு கேட்பவருமான கூத்தன் வேளாருக்கு எழுதி விடுக்கும் ஓலை. நும் ஊர் வாழ்க. நும் மனையோர் நலமே வாழ்க. நும் ஆநிரை பெருகுக. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதே முறை. அம்முறைக்காக மட்டும் நலம் என்று எழுதுகிறேன்.

காரியம் யாதெனில், சென்ற கார்காலத்துப் பெருவெள்ளம் ஆற்றின் வடகரையை உடைத்ததும், விளைந்த நெல்லெல்லாம் சேற்றில் படுத்ததும் நீர் அறிந்தவையே. கரையைக் கட்டப் பொருள் வேண்டும். பயிரை இழந்த குடிகள்மேல் புதுவரி சுமத்தலாகாது என்று வேந்தர் கட்டளையிட்டுத் தாமே கூடாரம் அடித்துக் கரையில் தங்கிவிட்டார். பொருளுக்கு வழி காணும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அரண்மனையின் பரண்களிலும் நிலவறைகளிலும், தலைமுறை தலைமுறையாக உள்ளே போனதேயன்றி வெளியே வந்தறியாத பண்டங்கள் குவிந்து கிடந்தன. ஒடுங்கிய எச்சில் படிக்கங்கள், காலொடிந்த கட்டில்கள், தண்டில்லாத சிவிகைகள், திரி வைக்க இடமின்றி வார்க்கப்பட்ட விளக்குகள், எவரோ பரிசளித்து எவரும் ஏறியறியாத குதிரைச் சேணங்கள். வேண்டாத இவற்றை முற்றத்தில் பரப்பி விற்றால் அறைகளும் ஒழியும், கரைக்குக் கூலியும் கிடைக்கும் என்று விண்ணப்பித்தேன். வேந்தர் மகிழ்ந்தார். யானும், உள்ளதைச் சொன்னால், சில நாள் தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

விற்பது எது, வைத்துக்கொள்வது எது என்று பணியாளர் மயங்காதிருக்க, விற்க வேண்டியவற்றின்மேல் கரியைக் குழைத்து ஒரு பொட்டு இடச் செய்தேன். பொட்டு இருந்தால் வெளியே, இல்லையேல் உள்ளே. இதனினும் எளிய முறை இவ்வுலகில் இல்லை என்று அன்று நினைத்தேன். மக்கள் திரண்டு வந்தனர். நீரும் வந்து, காலொடிந்த கட்டில் ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிச் சென்றீர். அக்கட்டில் இப்போது நேராக நிற்கும் என நம்புகிறேன். பொழுது சாய்வதற்குள் முற்றம் ஒழிந்தது. ஆள் அமர்த்தப் போதிய பொருளும் சேர்ந்தது. விற்காமல் எஞ்சியது வேந்தரின் பழைய வேட்டி ஒன்றே. அரசர் உடுத்ததை உடுத்தும் துணிவு எவருக்கும் வரவில்லை போலும்.

மறுநாள் காலை அந்தப்புரத்துத் தோழி அணியாள் ஓடி வந்து, நிலவறை மூலையில் இருந்த பலாமரத் தொட்டில் எங்கே என்று கேட்டாள். விற்றுப்போயிற்று என்றேன். அதை ஏன் ஐயா விற்றீர்கள் என்றாள். பொட்டு இருந்ததே அம்மா என்றேன். ஐயையோ, அது விலைப்பொட்டு இல்லை ஐயா, கண்ணேறு படாதிருக்க அரசியார் தம் கையால் வைத்த பொட்டு என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

வேளாரே, அரசியார் நறுங்கோதையார் இப்போது நிறைசூலி. முன்பு பிறந்த மகவு பெயர் சூட்டும் முன்னரே மறைந்ததை நாடு அறியும். இம்முறை பிள்ளை பிறக்கும் முன் வெறுந்தொட்டில் எவர் கண்ணிலும் படலாகாது என்று அஞ்சி, தாய்வீட்டிலிருந்து வந்த தொட்டிலை அவர் நிலவறையில் மறைத்து, அதற்குக் கண்ணேறு பொட்டும் வைத்திருக்கிறார். தோழி ஒருத்தியைத் தவிர எவரிடமும் சொல்லவில்லை. அரசியாரும் அவர் தாயாரும் கிடந்து வளர்ந்த தொட்டில் அது. அதன் விளிம்பில் சிறு கடித்தடங்கள் உண்டு. எலி கடித்த மரம், விலையைக் குறைத்துச் சொல் என்று முற்றத்தில் விலை கூவுவோனிடம் சொன்னவன் யானே. அவை பல் முளைக்கும் பருவத்தில் அரசியார் கடித்த தடங்கள் என்று அணியாள் சொன்னாள்.

அரசியார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளை வருமுன்னே தொட்டில் வீட்டைவிட்டுப் போயிற்றே, இதற்கு என்ன பொருள் என்று தோழியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். உணவில் கை வைப்பதில்லை. மருத்துவச்சியோ, ஊணும் உறக்கமும் இன்றேல் தாய்க்கும் ஆகாது, சேய்க்கும் ஆகாது என்று என்னைப் பார்த்தே சொல்கிறாள். வேந்தர் மீண்டு வந்தால் என் தலை என்னாகும் என்ற கவலையும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆயினும் அது இரண்டாவது கவலைதான்.

விசாரித்ததில், தொட்டிலை வாங்கியவர் நும் ஊர் ஓடக்காரன் பூதனும் அவன் மனைவி வெண்ணியும் என்று தெரிந்தது. காவலர் இருவரை வழிப்போக்கர் கோலத்தில் அனுப்பினேன். அவர்கள் சென்றபோது தொட்டிலில் ஒரு பெண்மகவு உறங்கிக்கொண்டிருந்ததாம். இந்தப் பொட்டு எதற்கு என்று காவலர் வினவ, என் பிள்ளைக்குக் கண்படக்கூடாது என்று அரண்மனையார் பொட்டு வைத்தே கொடுத்தார்கள், எவ்வளவு நல்ல மனசு பாருங்கள், மங்கினால் நானும் புதிதாக வைத்துவிடுகிறேன் என்று வெண்ணி சொன்னாளாம். போரில் ஒருநாளும் புறங்காட்டாத என் காவலர், அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள்.

ஆகவே நுமக்கு இடும் கட்டளை: இவ்வோலை கண்ட பொழுதே பூதனின் மனைக்குச் சென்று, அவன் தந்த விலையைப் பன்மடங்காக்கிக் கொடுத்து, தச்சரைக் கொண்டு புதுத்தொட்டில் செய்வித்து அளிப்பதாக வாக்கும் உரைத்து, விளிம்பின் கடித்தடத்தைக் கண்டு உறுதி செய்து, தொட்டிலை வைக்கோலில் பொதிந்து ஓடமேற்றி அனுப்புவீராக. இன்சொல்லுக்கு அவர்கள் இணங்காவிடில், அரசாணை என்று கூறி, குழந்தையைத் தூக்கித் தாய் கையில் கொடுத்துவிட்டு

இவ்விடத்தில் என் எழுத்தாணி நின்றது. ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. வேறு ஓலை எடுக்கப் பொழுதும் இல்லை. மேலே கண்ட கட்டளையைப் படித்தும் படியாதவராக இருப்பீராக. அணியாள் வந்தாள். காவலர் கொணர்ந்த செய்தி அரசியார் செவிக்கு எட்டிவிட்டதாம். யான் பூட்டி வைத்த செய்தி; எவன் வாய் திறந்தான் என்று பின்னர் விசாரிப்பேன். அரசியார், அந்தக் குழந்தை அதில் நன்றாக உறங்குகிறதா என்று மட்டும் கேட்டாராம். ஆம், ஆள் வந்தது தெரியாமல் உறங்குகிறது என்றிருக்கிறாள் தோழி. அப்படியானால் அது வெறுந்தொட்டிலாகப் போகவில்லை என்று சொல்லி, அரசியார் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாராம். இதைக் கேட்டதும் யான் அழுதேன். அமைச்சன் அழுதான் என்பதை ஊரில் சொல்ல வேண்டா.

மேலும் அரசியார் அருளியது: உறங்கும் பிள்ளையின் அடியிலிருந்து உருவிய தொட்டிலில் என் பிள்ளை எப்படி உறங்கும்? அந்தப் பெண் எழுந்து நடக்கும்வரை அங்கேயே ஆடட்டும். பின்னர் வெண்ணிக்கு மனமிருந்தால் மகளோடு வந்து தன் கையாலே தரட்டும். அதுவரை, பிள்ளை பிறந்ததும் வேந்தரின் பழைய வேட்டியில் தூளி கட்டுங்கள் என்றாராம். விற்காமல் எஞ்சிய அந்த வேட்டியை யானே தேடி எடுத்தேன். அதன் கரையோரத்திலும் யான் இடச் செய்த கரும்பொட்டு இருந்தது. வெளுக்கப் போடட்டுமா என்று தோழி வழியாகக் கேட்டேன். பொட்டு அப்படியே இருக்கட்டும் என்று மறுமொழி வந்தது.

ஆதலின் இனி வருவதே கட்டளை. தொட்டிலைத் தொட வேண்டா. அது எவர் கிடந்த தொட்டில் என்று இப்போது சொல்லவும் வேண்டா. தெரிந்தால் அந்தத் தாய் பிள்ளையை அதில் இட அஞ்சுவாள். குழந்தை நடக்கத் தொடங்கும் நாளில் சொல்லலாம். ஏதேனும் சாக்கிட்டு அந்த மனைக்குள் சென்று, கயிறு இற்றிருக்கிறதா, உத்தரம் தாங்குமா என்று பார்த்து, பழுதிருந்தால் பண்டாரச் செலவில் செப்பனிடுக. அக்குழந்தை உண்டதா, உறங்கிற்றா என்று இங்கு வரும் ஓடந்தோறும் ஒரு வரி எழுதி விடுக. அரசியார் கேட்பார், அவர் கேளாவிடினும் யான் கேட்பேன்.

இதை எழுதும்போதே அந்தப்புர நடைக்கூடத்தில் ஆளோட்டம் மிகுகிறது. மருத்துவச்சி வெந்நீர் எங்கே என்று கூவுகிறாள். அணியாள் என்னைக் கடந்து ஓடினாள். உள்ளிருந்து இன்னும் ஒரு செய்தியும் வரவில்லை. நும் ஊர்க்கோயிலில் ஒரு விளக்கு ஏற்றச் சொல்க.

வேங்கை நகர் அரண்மனைப் பண்டார வாயிலிலிருந்து, வேந்தர் பெயராலும் அரசியார் சொல்லாலும், அறவாழிப் பேரரையன் எழுதியது. மீறலாகாது. அரக்கு உருக்கப் பொழுதில்லாமையால் இலச்சினை பதிக்கவில்லை. அதற்கு ஈடாக ஓலையின் தலைப்பில் கரியால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். வேளாரே, அது விலைப்பொட்டு அன்று.