மஞ்சள் வைத்த சட்டை

ஆவணி 5, வியாழன். காலையிலேயே புழுக்கம்.

யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போனவர்கள்: நான், மகள் கஜானி, இவருடைய தங்கை வசந்தி. இவர் வரவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பு.

கொழும்பில் பணக்காரருக்கு மட்டும் உடுப்புத் தைக்கிற பெண்மணி, எங்களைப் போன்றவர்கள் வாங்கும் இந்தக் கடைக்கும் சட்டை வரைந்து கொடுத்திருக்கிறார். கஜானி போனில் பார்த்துப் பார்த்து ஏங்கியது அவருடைய சட்டைகளுக்குத்தான். அடுத்த கிழமை வெள்ளி அவளுடைய சிநேகிதியின் கலியாணம். ஒன்று வாங்கினோம். சனம் கூடியதால் போட்டுப் பார்க்கிற அறையைப் பூட்டியிருந்தார்கள். அளவு கண்மட்டம்.

சட்டையின் கீழ் மூலையில் அச்சடித்த மஞ்சள் பொட்டு. கூடத் தொங்கிய அட்டையில் ஆங்கிலம். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி, ஆங்கிலம் நானாகப் படித்தது. அகராதியோடு இருந்து வாசித்தேன். வடக்கில் பெண்கள் புதுத்துணியில் மஞ்சள் வைக்கும் வழக்கத்துக்கு மரியாதையாம். மனம் குளிர்ந்தது.

வெள்ளி. விரதம்.

சட்டையைச் சாமி அறையில் வைத்து, அச்சுப் பொட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் தொட்டு வைத்தேன். அச்சு மஞ்சள் ஆகாது. மஞ்சள் படாத புதுத்துணி எங்கள் வீட்டில் உடம்பில் ஏறுவதில்லை. பிறகுதான் கஜானி போட்டுப் பார்த்தாள். தோளில் இறுக்கம். கை தூக்க முடியவில்லை. பிரித்து அகட்ட உள்ளே துணியும் விடவில்லை.

சனி. மழைக்குணம்.

திரும்பவும் மூவரும் கடைக்கு. பில் கையில். மாற்றிக் கொடுக்கிற பிள்ளை சட்டையை விரித்துப் பார்த்தாள்.

"அன்ரி, கறை பட்டிருக்கு. மாத்த ஏலாது."

"கறையில்லைப் பிள்ளை, மஞ்சள்."

மனேச்சர் வந்தார். "மஞ்சளெண்டாலும் கறைதான் அம்மா."

"அப்ப பக்கத்திலை கிடக்கிற பொட்டு?"

"அது டிசைன்."

"அவ அச்சடிச்சால் டிசைன், நான் வைச்சால் கறையோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கஜானி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

ஆனாலும் மாற்றவில்லை. வெளியே வரும்போது அந்தப் பிள்ளை பின்னால் வந்து மெல்லச் சொன்னாள்: "பெரிய அளவு ஒண்டுதான் கிடக்கு அன்ரி. புதன் வரைக்கும் எடுத்து வைக்கிறன். எங்கடை வீட்டிலையும் மஞ்சள் வைக்கிறனாங்கள்."

பஸ்ஸில் வசந்தி: "மச்சாள், சவுக்காரம் போட்டு வெயிலிலை விட்டால் போயிடும். வேறை ஆளிட்டைக் குடுத்து மாத்துவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"பிள்ளையாருக்குத் தெரியும்."

"அவருக்கு உதோ வேலை?"

எனக்கும் சிரிப்பு. ஆனால் கழுவமாட்டேன்.

ஞாயிறு. கோயில். வரும் வழியில் தேங்காய் 2, பால்மா, கற்பூரம்.

கஜானி காலையிலிருந்து சட்டையை விரித்து விரித்துப் பார்த்தாள். பின்னேரம் வந்து பக்கத்தில் இருந்தாள். "கழுவினால் என்னம்மா? எனக்காக."

அந்த 'எனக்காக' குத்தியது. இருந்தும் சொன்னேன். "கழுவினால் கறையெண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரிப் பிள்ளை."

எழும்பிப் போனாள். கோபம் என்றுதான் நினைத்தேன். போனோடு வந்தாள். "அப்ப சட்டை வரைஞ்ச மனுசிக்கே எழுதுங்கோ. படமெடுத்து அனுப்புறன். கடைக்கும் அனுப்புறன்."

கணக்குக் கொப்பியில் சட்டைக்கு நேரே 'நட்டம்' என்று எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

அனுப்பியதன் பிரதி:

அம்மணி, உங்கள் சட்டையில் எங்கள் மஞ்சளை வரைந்திருக்கிறீர்கள். சந்தோசம். அதே சட்டையில் நான் வைத்த மஞ்சளைக் கடை கறை என்கிறது. அது கறை என்றால் உங்கள் பொட்டும் கறை. கறை இல்லை என்றால் மாற்றித் தரும்படி கடைக்குச் சொல்லுங்கள். பெரிய அளவு புதன் வரைதான் இருக்கும். தயவுசெய்து செவ்வாய்க்குள் பதில் தரவும்.