இடித்த மாடியின் உயரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி தேவலையா?

இங்கே விமானம் இறங்கும் பாதையில் எந்த வீடும் எட்டு மீட்டரைத் தாண்டக் கூடாது. அளந்து பார்ப்பது என் வேலை. போன வருடம் நாங்கள் மேல்மாடியை இடிக்க வைத்த வீட்டை நேற்று மறுபடி அளந்தேன். மேலே வெறும் வானம்தான். கருவியோ மூன்று முறையும் பழைய பத்து மீட்டரையே காட்டியது. ஒரு வேடிக்கைக்காகத்தான் எழுதுகிறேன், பயப்படாதீர்கள்.

வீட்டுக்கார அம்மா துடைப்பத்தோடு மொட்டைமாடியிலிருந்து படியிறங்கி வந்தார். தலையெல்லாம் ஒட்டடை.

"வெளியூர்ல இருக்கிற என் பையன் ரூமுப்பா. தினம் பெருக்கிடுவேன்."

கருவி பழுது என்று எழுதிவிட்டு வந்தேன்.

என் மாடி அறையை வாடகைக்கு விடச் சொன்னேனே, வேண்டாம். வலியோடு படியேறவும் வேண்டாம். கதவை மட்டும் பூட்டிவிடாதீர்கள்.

ஜீப் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் பையன்