நோகாத குதிகால்

மச்சான்,

இன்று விடிய எழுந்து தரையில் கால் ஊன்றியதும் குதியில் முள் ஏறியது போலிருந்தது. சில மாதமாக இதே கூத்து. கோழிக்கு முன்னமே நான் கூவுகிறேனாம், என் மனைவி சொல்கிறாள்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பாதத்தைக் கையில் வைத்து விளக்கினார். பாதத்து எலும்புகளில் பெரியது குதிகால் எலும்புதானாம். அதன் கீழே சின்னச் சின்ன அறைகளாகக் கொழுப்பு மெத்தை. நடக்கையில் உடம்பின் பாரம் முதலில் விழுவது அதில்தான். பின்னால் கெண்டைச் சதையிலிருந்து வரும் தடித்த நாண் குதியைத் தூக்குகிறது. அடியில் குதி தொடங்கி விரல் வரை ஒரு நார்ப்பட்டை. படுத்தால் அது சுருங்கிக்கொள்ளும். எழுந்து வைக்கும் முதல் அடியில் இழுபட்டு நோகும். ஓ.எல். சோதனையில் விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டவன் நான். ஆனாலும் வலைக்கயிறு இழுத்தவனுக்கு நார் விளங்காதா? கடைசியில் அவர், "நோகுதெண்டா நல்லது. குதிக்கு உணர்ச்சி இருக்கு" என்றார். அங்கேதான் உன் நினைவு வந்தது.

கரைவலையைக் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கையில் கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடப்போம். நீ எனக்குப் பின்னால் நிற்பாய். உன் குதி தோண்டிய குழியில் என் குதியை வைத்தால்தான் நான் வழுக்காமல் நிற்பேன். "விரலை நம்பாத மச்சான், குதியை நம்பு" என்பாய். நம்பியும் குண்டி அடிபட விழுந்து பெயர் வாங்கியவன் நான்.

யுத்தம் முடிந்து இரண்டாம் மீன்பிடிப் பருவம். உன் குழியில் கால் வைக்கப் போனவன் மணலில் சிவப்பைக் கண்டேன். உடைந்த போத்தல் ஓடு ஒன்று உன் குதியில் இறங்கியிருந்தது. உனக்குத் தெரியவே இல்லை. பிடுங்கி எறிந்துவிட்டு, "எனக்குக் குதியில்லடா, குளம்பு" என்று மறுபடி கயிற்றைப் பிடித்தாய்.

தேத்தண்ணிக் கடையில் அதை நான் கதையாக்கினேன். சொல்லச் சொல்ல ஓடு நீண்டது. கல்யாண வீட்டில் கேட்டார்கள். தீமிதிப்புக்கு வந்தவர்களும் கேட்டார்கள். நீயும் காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய். குளம்பன் என்று எங்கள் உடப்பு ஊரே கூப்பிட்ட மனிதன், புண் ஆறவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வான்? நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உன் குதியின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று தெரியவந்தபோது பாதம் கறுத்திருந்தது. காலை எடுத்தார்கள். அப்படியும் நீ மிஞ்சவில்லை. என் கதைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை.

போன மாதம், டாக்டரைப் பார்த்து வந்த பிறகு, மீன்வாடியில் உன் மகன் கேட்டான், "மாமா, அப்பாட குளம்புக் கதையைச் சொல்லுங்கோ." இப்போது உன் இடத்தில் நின்று இழுப்பவன் அவன். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். எனக்குத் தொடங்க வரவில்லை. அவனைக் காலை நீட்டி, கண்ணை மூடச் சொன்னேன். தென்னை ஈர்க்கால் குதியைத் தொட்டேன்.

"தெரியுதா?"

"தொடுங்கோவன்" என்றான், தொட்டது தெரியாமல். தோல் உன்னுடையதைப் போலவே தடித்திருந்தது. ஈர்க்கை எறிந்துவிட்டுப் பெருவிரலால் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன்.

"நோகுது மாமா, விடுங்கோ."

விட்டேன். அடுத்த நாளே இரத்தத்தில் சீனி பார்க்க அவனைக் கூட்டிப்போனேன். வழி முழுக்க முறுமுறுத்தான். இப்போது அவன் கூட்டாளிகள் எனக்குக் குதி டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாராவது அந்தக் கதையைக் கேட்டால், முதலில் காலை நீட்டு என்கிறேன்.