எதிர்மேட்டிலிருந்து வந்த பதில்

அக்கா,

நேற்று ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், சேலத்தில் இருக்கும் மகளிடம் பேசினேன். பாதிப் பேச்சில் பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "ஏனுங்க்கா, போனைக் கீழ வெச்சுட்டே பேசுங்க. நீங்க போடற சத்தம் சேலத்துக்கு நேராவே கேட்டுரும்" என்றார். வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மகளும் அந்தப் பக்கம் சிரித்தாள். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது.

நம் ஊர் எப்படி இருக்கும் என்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அப்போதெல்லாம் மாரமங்கலம் தாண்டி ஒற்றையடிப் பாதையில் நடந்தால் இரண்டு மேடு, நடுவில் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஓடை. எங்கள் மேட்டில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாமையும் கேழ்வரகும் விதைத்துவரும் சில வீடுகள். உங்கள் மேட்டில், எஸ்டேட்டில் காப்பி வைத்தபோது வேலையாட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளும் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன சர்ச்சும். பஞ்சாயத்துக்கு இரண்டும் ஒரே ஊர். கண்ணுக்கும் காதுக்கும் பக்கம், காலுக்கு மட்டும் தூரம். இறங்கி ஏறினால் அரைப்பொழுது போய்விடும்.

அதனால் கூவித்தான் பேசுவோம். காலையில் அடுப்புப் பற்றவைத்ததும் இங்கிருந்து ஒரு கூவல், அங்கிருந்து ஒரு பதில். பதில் வந்துவிட்டால் அந்தப் பக்கம் எல்லோரும் நலம் என்று வேலையைப் பார்க்கப் போவோம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் குரலே எழும்பாது. "அடிவயித்துல இருந்து கூப்புடு கண்ணு, பூனையாட்டம் கத்தாத!" என்று அங்கிருந்தே திட்டினீர்கள். முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒருவரிடம் அப்படித் திட்டு வாங்கியதில் எனக்கு ஒரே ரோஷம். மறுநாள் கூவிய கூவலில் எங்கள் வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின.

ரோடு விஷயம் ஞாபகம் இருக்கிறதா? யூனியன் ஆபீஸிலிருந்து இன்ஜினியர் வந்தார். பாலம் கட்டப் பணம் இல்லை, ஏதாவது ஒரு மேட்டுக்குத்தான் ரோடு என்றார். ஓடையில் வெள்ளம், அவரால் உங்கள் பக்கம் வர முடியவில்லை. பாறை மேல் ஏறி நான்தான் கேட்டேன்.

"அக்கோவ்! ரோடு எந்தப் பக்கம் வேணும்னு கேக்கறாங்க!"

நீங்கள் லைன் வீட்டுக்காரர்களைக் கூட்டிப் பேசிவிட்டு வந்து பதில் சொன்னீர்கள்.

"அந்தப் பக்கமே போடச் சொல்லு கண்ணு! எங்களுக்கு எஸ்டேட் ரோடும் லாரியும் இருக்குதில்ல!"

இன்ஜினியருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரோட்டுக்கு அவனவன் வெட்டிக்கிறான், நீங்க கூவியே முடிச்சிட்டீங்களே" என்றார்.

எங்களுக்கு ரோடு வந்தது, பஸ் வந்தது, பஸ் வந்ததால் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரும் ஒழுங்காக வந்தார். என் மகள் படித்தது அப்படித்தான். சில வருஷங்களில் உங்கள் எஸ்டேட் கைமாறியது. புதிதாக வாங்கியவர் கேட்டில் சங்கிலி போட்டார், லாரி நின்றது. அந்த ரோடு ஊருடையது அல்ல, எஸ்டேட்டுடையது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் நீங்கள் மட்டும்.

"இங்கயே வந்துருங்க்கா, எங்க ஊட்டுல எடம் இருக்குது" என்று எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன்!

"நானும் வந்துட்டா இந்த மேட்டுல இருந்து உனக்கு யாரு பதில் சொல்றது?" என்பீர்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அந்த மார்கழியில் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம். காலையில் கூவினேன், பதில் இல்லை. தொண்டை கிழியக் கூவினேன். பிறகு பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். நீங்கள் காய்ச்சலில் பேச்சில்லாமல் கிடந்தீர்கள். எஸ்டேட் வழியாகப் போயிருந்தால் ஜீப்பிலேயே ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். சங்கிலி போட்ட கேட்டைத் திறக்க ஆள் இல்லை. போர்வையை மூங்கிலில் தூளி கட்டி, ஓடையில் இறங்கி, எங்கள் மேட்டில் ஏற்றினோம். பஸ்ஸில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தீர்கள்.

"ரோடு நொம்ப நல்லாத்தான் போட்டுருக்கறாங்க கண்ணு" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அந்த ரோட்டில் நடக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை. நீங்கள் அன்று கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் அக்கா.

இப்போது எதிர்மேட்டில் யாரும் இல்லை. லைன் வீடுகளின் மேல் உண்ணிச்செடி ஏறிவிட்டது. காலையில் அடுப்புப் பற்றவைத்துவிட்டுப் பழக்கத்தில் வாசலுக்கு வருவேன், நின்றுவிட்டு உள்ளே போய்விடுவேன்.

பூத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மெதுவாகப் பேசிப் பார்த்தேன். "அம்மா, ஒண்ணுமே கேக்கல, உடம்பு சரியில்லையா?" என்று மகள் பயந்துவிட்டாள். மறுபடி சத்தமாகவே பேசினேன். உங்கள் மேட்டுக்கு எட்டவேண்டிய அளவுக்கு வளர்ந்த குரல், எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.